மாமா என்றால் எந்த மாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறார் பாலியல் கொடுமை பற்றிய செய்தி வரும்போதெல்லாம் "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை செயல்பட்ட அரச விசாரணை ஆணையம், பாதிக்கப்பட்டவர்களில் 8,000 பேருக்கு மேற்பட்டோரைத் தனித்தனியாகச் சந்தித்துக் கேட்டது. அவர்கள் வாய் திறக்கச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் மலேசியாவின் 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, வேறு ஆதாரம் இல்லாமல் குழந்தையின் சாட்சியத்தை மட்டும் வைத்தே நீதிமன்றம் தண்டிக்கலாம். அப்படியானால் அந்தப் பிள்ளையின் சொல் சிதையவே கூடாது. தமிழ்ப் பிள்ளை "மாமா அங்க கை வெச்சாரு" என்கிறது. புகாரை மலாயில் எழுதும்போது அது "பாக்சிக்" ஆகிவிடுகிறது; வயதில் மூத்த எந்த ஆணையும் குறிக்கும் சொல் அது. தாய்மாமனா, பக்கத்து வீட்டுக்காரரா, பள்ளி வேன் ஓட்டுபவரா? "அங்க" என்றால் எங்கே? பின்னால் பிள்ளை விளக்கிச் சொன்னால், "முதலில் இப்படிச் சொல்லவில்லையே" என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

முதலில் கேட்பவர் அம்மாவாகவோ பாட்டியாகவோ ஆசிரியராகவோ இருப்பார். "அந்த மாமாதானே?" என்று தயவுசெய்து எடுத்துக்கொடுக்காதீர்கள். "அப்புறம் என்ன நடந்தது?" போதும். பிள்ளையின் சொல்லை அப்படியே, தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். தெரிந்தும் போலீசிடம் தெரிவிக்காவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் குளிப்பாட்டாமல், அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 15999 என்ற உதவி எண்ணுக்கு (தாலியான் காசே) போன் செய்யுங்கள்.

இவையெல்லாம் நடைமுறையில் எந்த இடத்தில் முறிகின்றன என்பது, அந்த வழியில் நடந்தவர்களுக்குத்தான் தெரியும். பினாங்கு மாநில அரசு, சிறு வயதில் பாதிக்கப்பட்டு இன்று வளர்ந்திருப்பவர்களைப் பெயர் வெளியிடாமல், தனியறையில், தமிழிலேயே பேச அழைக்க வேண்டும். யாரிடம் முதலில் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், எத்தனை பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தது, எந்தக் கேள்வியில் பேச்சு நின்றது என்று அவர்களிடம் கேட்க வேண்டும். பிள்ளைகளின் தமிழை மலாயில் மாற்றும் மொழிபெயர்ப்பாளர்களுக்கான சொற்பட்டியலையும், அப்படி வந்து பேசுபவர்களோடு உட்கார்ந்தே தயாரிக்க வேண்டும். வருவோருக்குப் போக்குவரத்துச் செலவும் அன்றைய கூலியும் தர வேண்டும். மறுநாள் ஓர் ஆலோசகர் போன் செய்து எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்கவும் வேண்டும்.

சிறார் நலத் தன்னார்வலர்கள்,
பட்டர்வொர்த், பினாங்கு