வேகம் வேண்டாம், லைன் அறாமல் இருந்தால் போதும்

அனுப்புநர்:
உங்கள் பிராட்பேண்ட் வாடிக்கையாளர்,
பம்மல், சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

நாள்: 27.01.2025

பொருள்: இரவு நேரத்தில் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோவது, ஆறு புகார் கொடுத்தும் சரிசெய்யாதது, கூடுதலாக வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருவது – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

கடந்த 18-ஆம் தேதி சனிக்கிழமை இரவு 8.52-க்கு உங்கள் இணைப்பு அறுந்தது. 70 நொடியில் திரும்பி வந்தது. 9.31-க்கு மறுபடியும் அறுந்தது. உங்கள் கணக்கில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்று தெரியும். கால் சென்டரில் பேசிய தம்பி "ஒரு நிமிஷம்தானே சார்" என்றே சொல்லிவிட்டார். அந்த ஒரு நிமிஷத்தில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். சுருக்கமாக ஆறு முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பகலில் நான் இருசக்கர வாகன உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவில் சென்னை விமான நிலையத்தின் கன்ட்ரோலர். சிரிக்க வேண்டாம். நிஜ விமான நிலையத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், எங்கள் மொட்டைமாடியில் நின்றால் இறங்குகிற விமானத்தின் சக்கரம் தெரியும் என்பது மட்டும்தான். நான் சொல்வது வாட்சிம் என்ற இணைய வலை. 2001-இல் தொடங்கியது, முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துவது, காசு கிடையாது. உலகத்தின் எந்த மூலையிலோ வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுபவர்கள் அதில் சேர்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் ரேடார் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஹெட்செட்டில் அவர்களோடு நேரடியாகப் பேசி, புறப்பட வைத்து, வரிசைப்படுத்தி, இறக்குகிறோம். வானிலைகூட நிஜ விமான நிலையத்தின் அறிக்கையிலிருந்து வருவதுதான். மே மாதத்தில் மதியம் கடல்காற்று திரும்பினால் அங்கே ஓடுபாதை 25-லிருந்து 07-க்கு, அதாவது அதே ஓடுபாதையில் எதிர்த்திசைக்கு, மாறும். இங்கே நாங்களும் மாற்றுவோம்.

இதில் நினைத்தவுடன் மைக்கைப் பிடித்துவிட முடியாது. படிப்பு உண்டு, தேர்வு உண்டு. முதலில் எஸ்1, தரையில் விமானங்களை நகர்த்துவது. அடுத்து எஸ்2, டவர். அதற்கு மேல் எஸ்3, அப்ரோச்: வானத்தில் நாலு திசையிலிருந்தும் வருகிறவர்களை ஒரே கோட்டில் கொண்டுவந்து சேர்க்கும் வேலை. எஸ்3-க்காக ஒன்பது மாதம் படித்தேன். கடையில் சாப்பாட்டு வேளையில்கூட வரைபடத்தை விரித்து வைத்திருப்பேன். முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஏரோபிளேன் ஸ்பேர் பார்ட்ஸ் இறக்கப் போறியா?" என்றார். 18-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு அந்த எஸ்3-க்கான செய்முறைத் தேர்வு. தேர்வாளர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, நிஜமான ஆட்கள் ஓட்டும் விமானங்களை நான் இறக்கிக் காட்ட வேண்டும்.

ஜனவரியில் வாடைக்காற்று என்பதால் ஓடுபாதை 07. விமானங்கள் மேற்கிலிருந்து கிழக்கு பார்த்து இறங்கும். 8.50-க்கு என் திரையில் ஒன்பது விமானங்கள். அதில் இரண்டை மட்டும் சொல்கிறேன். கொழும்பிலிருந்து வந்த ஏ320 ரக விமானம் ஒன்று விமான நிலையத்துக்குத் தெற்கே, 3,000 அடியில், 340 டிகிரி திசையில், அதாவது கிட்டத்தட்ட வடக்கு நோக்கி, 210 நாட் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. டெல்லியிலிருந்து வந்த இன்னொன்று வடக்கே, 4,000 அடியில், அதற்கு நேர் எதிராகத் தெற்கு நோக்கி வந்தது. அதை ஓட்டியவர் ஜெர்மனிக்காரர். இரண்டையும் ஓடுபாதைக்கு நேரான கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பிவிட வேண்டும். கொழும்பு விமானம் கோட்டைத் தொட இன்னும் ஒன்றரை மைல்தான். மைக் பட்டனை அழுத்தி, "டர்ன் ரைட் ஹெடிங் ஜீரோ ஃபோர் ஜீரோ", அதாவது வலப்பக்கம் 40 டிகிரி திசைக்குத் திரும்புங்கள், என்று தொடங்கினேன். "ஜீரோ ஃபோர்" வரை போயிருக்கும். ஹெட்செட்டில் சத்தம் அடங்கியது. திரையில் எல்லாப் புள்ளிகளும் உறைந்து நின்றன.

210 நாட் வேகத்தில் போகிற விமானம் ஒரு நிமிடத்தில் மூன்றரை நாட்டிக்கல் மைல் போகும். உங்கள் 70 நொடியில் நான்கு மைல். அதோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. இணைப்பு முறையாக முடியாமல் அறுந்ததால், சர்வரில் என் பழைய இணைப்பின் ஆவி உட்கார்ந்திருந்தது. திரும்ப உள்ளே போக முயன்றால், "இந்த அழைப்புக்குறி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று என்னையே எனக்கு எதிராக நிறுத்தியது. அது விலகி, நான் மறுபடி குரல் கொடுக்கும்போது மூன்று நிமிடம் ஆகியிருந்தது. கொழும்பு விமானம் கோட்டைத் தாண்டி ஒன்பது மைல் வடக்கே போய்விட்டது. ஓட்டியவர் பொறுமைசாலி, சொன்ன திசையிலேயே போய்க்கொண்டிருந்தார். டெல்லி விமானம் அதன் தலைக்கு மேலே ஆயிரம் அடியில் எதிர்த்திசையில் கடந்து போயிருக்கிறது. உயரத்தைத் தனித்தனியாக வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. பின்னால் வந்த இருவர் நான் ஓடிவிட்டேன் என்று நினைத்து 122.8-க்கு மாறிவிட்டார்கள். கன்ட்ரோலர் இல்லாத இடத்தில் பைலட்டுகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பொது அலைவரிசை அது. ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறியே விட்டார்.

பைலட்டின் ரேடியோ போய்விட்டால் ரேடார் திரைக்கு எண் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7600 போட்டுத் தெரிவிக்கலாம். கன்ட்ரோலரின் பிராட்பேண்ட் போய்விட்டால் போடுவதற்கு எந்த எண்ணும் இல்லை.

எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு வரிசையை மறுபடி கட்டி முடிப்பதற்குள் 9.31. இரண்டாவது முறை. தேர்வாளர் தன்மையாகத்தான் சொன்னார்: உங்கள் வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை, ஆனால் இப்படி இணைப்பு விட்டு விட்டு வந்தால் என்னால் மதிப்பெண் போட முடியாது, லைனைச் சரிசெய்துகொண்டு வாருங்கள். என் வயது 47. பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஒரு தேர்வு முடிந்து இப்படி உட்கார்ந்திருந்ததில்லை.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். தீபாவளி வரைக்கும் உங்கள் சேவையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நவம்பர் 8-ஆம் தேதி முதல் புகார். "கேம் விளையாடறீங்களா சார், அப்போ 100 எம்பிபிஎஸ் பத்தாது, 300-க்கு மாறிடுங்க" என்றார்கள். மாறினேன். மாதம் 400 ரூபாய் கூடுதல், 18 சதவீத வரியோடு 472. மூன்று பில் கட்டியிருக்கிறேன். லைன் அறுந்துபோவது குறையவே இல்லை. முன்பு 100-இல் அறுந்தது, இப்போது 300-இல் அறுகிறது.

என் குரலும் விமானங்களின் இருப்பிடமும் போய் வருவதற்கு ஒரு எம்பிபிஎஸ்கூட வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாய் நடுநடுவே ஒரு நிமிடம் நின்று போகிறது என்று சொன்னால், பெரிய குழாய் போட்டுக்கொள்ளுங்கள் என்றா சொல்வீர்கள்? படம் பார்க்கிறவருக்கு இது தெரியாது. அடுத்த ஒரு நிமிடத்துக்கான படம் முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கும், லைன் அறுந்து சேர்ந்தாலும் கதாநாயகி அழுதுகொண்டேதான் இருப்பார். எங்கள் வீட்டின் கீழ்த்தளத்திலும் உங்கள் இணைப்புதான். அவர்களிடம் கேட்டேன், "நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். ஒருநாள் இரவு அவர்கள் ரூட்டருக்கு முன்னால் என் மகனை உட்கார வைத்தேன். மேலே என் லைன் அறுந்த அதே நிமிடத்தில் கீழேயும் லைட் அணைந்தது. ஹெட்செட்டில் பேசுகிற பேச்சு படம் மாதிரி அல்ல. அது அந்தந்த நொடிக்கு வந்து சேர வேண்டும், பிறகு வருவதில் பயனில்லை.

ஜனவரி 5 முதல் 18 வரை பதினான்கு இரவுகள் குறித்து வைத்தேன். கணக்கு எழுதுவதுதானே என் தொழில். மொத்தம் 31 முறை அறுந்திருக்கிறது. மிகக் குறைந்தது 40 நொடி, அதிகபட்சம் மூன்று நிமிடம். எல்லாமே இரவு எட்டிலிருந்து பத்தரைக்குள். பகலில் வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொங்கல் விடுமுறையிலும் ஒருமுறைகூட இல்லை. ஒவ்வொரு முறையும் ரூட்டரில் ஃபைபருக்கான பச்சை லைட் அசையாமல் எரிகிறது, ஃபைபரில் சிக்னல் போனால் எரியும் எல்ஓஎஸ் சிவப்பு லைட் வரவே இல்லை, இன்டர்நெட் லைட் மட்டும் அணைகிறது. அப்படியானால் தெருவில் உள்ள கேபிளில் கோளாறு இல்லை. கேபிள் உயிரோடு இருக்கும்போதே உங்கள் பக்கத்தில் என் லாகின் துண்டாகி, மறுபடி உள்ளே வருகிறது. என் கம்ப்யூட்டரில்தான் கோளாறோ என்று நானே சந்தேகப்பட்டு, அதற்குப் பிறகு இரண்டு இரவுகள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஒருமுறைகூட அறவில்லை.

உங்கள் டெக்னீஷியன் மூன்று முறை வந்தார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதை அழுத்திச் சொல்கிறேன். முதல் முறை கனெக்டரைத் துடைத்து மாட்டினார். இரண்டாவது முறை ரூட்டரையே மாற்றினார். மூன்றாவது முறை மழையில் நனைந்துகொண்டு இரவு எட்டரைக்கு வந்து, லைட் அணைவதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். காபி குடித்துக்கொண்டே, "சார், இது எங்க கையில இல்ல, மேலதான் பார்க்கணும்" என்றார். மேலே என்றால் எனக்கு 3,000 அடியா 4,000 அடியா என்றுதான் கேட்க வரும். அவர் சொன்ன மேல் நீங்கள்தான் என்று நினைத்து எழுதுகிறேன்.

அவர் அதைச் சொல்லிவிட்டுப் போன மறுநாள் காலை எனக்கு எஸ்எம்எஸ் வந்தது: "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது." ஆறு புகாரில் நான்கு இப்படி மூடப்பட்டவை. ஒன்று, நான் புகார் கொடுத்த இருபதாவது நிமிடத்தில் தீர்ந்திருக்கிறது. மூடுவதற்கு முன் ஒருவராவது போன் செய்து "சரியாகிவிட்டதா" என்று கேட்டதில்லை. ஆறுக்கும் புகார் எண்கள் என்னிடம் உள்ளன.

நான் கேட்பது இவ்வளவுதான். எங்கள் பகுதி இணைப்புகள் எந்தச் சர்வரில் லாகின் ஆகின்றனவோ, அதன் பதிவுகளை நான் கொடுத்துள்ள 31 நேரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஏன் துண்டாகிறது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். துண்டாகாமல் செய்யுங்கள். என்னைப் பழைய 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கே மாற்றி, தேவையில்லாமல் வாங்கவைத்த மூன்று மாதக் கூடுதல் தொகை 1,416 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். தேர்வு போனதற்கு நஷ்டஈடு கேட்கவில்லை. அதற்கு எப்படி விலை போடுவது என்று எனக்கும் தெரியாது.

இந்தக் கடிதம் கிடைத்த பத்து நாளுக்குள் பதில் இல்லையென்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி உங்கள் நிறுவனத்திலேயே இருக்க வேண்டிய மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுவேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்வேன். வேறு கம்பெனிக்கு மாறிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் தெருவில் கம்பத்தில் கேபிள் இழுத்திருப்பது நீங்கள் மட்டும்தான்.

மறுதேர்வு பிப்ரவரி 15, சனிக்கிழமை, இரவு எட்டு மணிக்கு.

இணைப்பு: 14 நாள் குறிப்பு, நகல்; புகார் எண்கள்; மூன்று பில்கள்; இன்டர்நெட் லைட் அணைந்திருக்கும்போது எடுத்த ரூட்டர் படங்கள் நான்கு.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

பி.கு.: போன் செய்வதாக இருந்தால் மாலை ஏழு மணிக்கு மேல் செய்யுங்கள், கடையில் எடுக்க முடியாது. எட்டு மணிக்கு மேல் என்றால் லைட் அணைவதை வீடியோ காலிலேயே காட்டிவிடுவேன், மொபைல் டேட்டாவில்.