இரண்டு காந்தாரங்களுக்கு நடுவில்

அன்புள்ள நண்பா,

கர்நாடக சங்கீதம் தவிர எதையும் கேட்காத எனக்கு நீ வெளிநாட்டுப் பாட்டுப் பட்டியல் அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. ஒரு வரி பதில் போடவில்லை. கோபமாகத்தான் இருப்பாய், நியாயம். முழங்கால் தேவலையா? இங்கே எல்லோரும் நலம். பேத்திக்கு இரண்டு மாதம். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் அவளைத் தோளில் போட்டு நடப்பது என் முறை.

தாலாட்டு ராகமான நீலாம்பரிகூடத் தோற்றுப்போன ஒரு ராத்திரி, உன் பட்டியலிலிருந்து ஜமைக்காக்காரர்களின் ரெகே ஒன்றை மெதுவாக வைத்தேன். அழுகை நின்றுவிட்டதடா! நாலு எண்ணிக்கையில் முதல் தட்டைக் காலியாக விட்டு, மூன்றாவதில் டிரம் விழுகிறதே, அந்தக் காலி இடத்தில் அடி வைத்து நடந்தேன். தூங்கிப்போனாள்.

அப்புறம் தினமும் ஒன்று. அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் கிதார் வந்ததுமே "அட, சுத்த தன்யாசி" என்றேன். ச க ம ப நி, அதே ஐந்து ஸ்வரம்தானே. ஒரு வாரம் அந்த நினைப்பிலேயே கேட்டேன். ஆனால் அந்தப் பாடகர் பிடிக்கும் காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், கீழே நிற்கும் சாதாரண காந்தாரமும் இல்லை, மேலே நிற்கும் அந்தர காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று தவிக்கிறது. ராகப் பெயர் சொன்ன திருப்தியில் அந்தத் தவிப்பையே கோட்டைவிட்டிருக்கிறேன். எதைக் கேட்டாலும் நமக்குச் சொந்தமா என்று பார்க்கிற புத்தி.

வெள்ளைக்காரப் பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதரே நோட்டுஸ்வரம் என்று சாகித்யம் போட்டிருக்கிறார், உனக்கு என்னடா தீட்டு என்று அன்று கேட்டாயே. பதில் சொல்லாமல் எழுந்து போனேன். நம் சிநேகிதன் ஸ்வரக்கொத்துகூட உன் பக்கம்தான் பேசினான். நீ சொன்னதுதான் சரி.

ஸ்பெயின்காரர்களின் ஃப்ளமெங்கோவில் சோலியா என்று ஒன்று வைத்திருக்கிறாயே, 12 எண்ணிக்கை. அழுத்தம் 3, 6, 8, 10, 12-இல். ஆதி தாளம் போட்டுப் பழகிய கை மூன்று நாள் திணறியது. நாலாம் நாள் 8-இல் கை தானாக விழுந்தபோது பேத்தியை எழுப்பிச் சொல்லலாம் போலிருந்தது. நாலு தந்தி வாத்தியம் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய நால்வர் இசையில் முதலில் வயலினையே துரத்திக்கொண்டிருந்தேன். இப்போது கீழ்க்குரலில் பேசும் செல்லோவை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறேன். அதே பாட்டு வேறு பாட்டாகிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலது காதில் உச்ச ஸ்தாயி மங்கி வருகிறது என்கிறார் டாக்டர். இடது காதுக்குப் பழுதில்லை. தம்புராவை மீட்டிப் பார்த்தேன். தந்திக்கடியில் வைக்கும் ஜீவாளி நூலின் ரீங்காரம் அந்தப் பக்கம் மழுங்கித்தான் கேட்கிறது. பயமாக இருக்கிறது. நாற்பது வருஷமாக நீ கூப்பிட்டபோதெல்லாம் வராமல் இருந்துவிட்டேனே என்று அடிக்கடி நினைக்கிறேன்.

ஆனால் உன் மேலும் ஒரு குறை. இத்தனை பாட்டில் ஒரு நாதஸ்வரம் இல்லையே, எப்படி மனசு வந்தது? கம்பீரநாட்டை ராகத்தில் ஒரு மல்லாரி, சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பார்களே அது, அனுப்புகிறேன். தவில் போகிற வழியிலேயே போய்க் கேள்.

அடுத்த பட்டியலைச் சீக்கிரம் அனுப்பு. செல்லோ நிறைய இருக்கட்டும். மந்த்ர ஸ்தாயி, அந்தக் கீழ்க்குரல், இரண்டு காதிலும் நன்றாகவே கேட்கிறது.

அன்புடன்,
உன் பழைய பிடிவாதக்காரன்