தலோசாவின் 200 இடங்கள்

பாளையங்கோட்டை

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. படித்ததிலிருந்து மனசு சரியில்லை. குடியிருப்போர் சங்கத் தேர்தலில் 7 ஓட்டில் தோற்றாய், அது நடக்கிறதுதான். ஆனால் அன்று ராத்திரியே உறுப்பினர் பொறுப்பையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பதினோரு வருஷம் தண்ணி லாரிக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதியவன் நீ. "இனி அந்தக் கூட்டத்துப் பக்கமே தலை வைத்துப் படுக்கமாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். உடனே போன் பண்ணினால் சண்டையில் முடியும் என்று தோன்றியது. அதனால்தான் கடிதம்.

போன வருஷம் அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு, மில்வாக்கி ஊருக்குப் போயிருந்தேன் அல்லவா, அங்கே தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை உனக்கு எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. அவர்கள் வீடு ஊரின் கிழக்குப் பக்கம். ஒரு புறம் மில்வாக்கி ஆறு, மறு புறம் மிச்சிகன் ஏரி. ஏரி என்றுதான் பெயர், அக்கரை தெரியாது, நம் திருச்செந்தூர்க் கடல் மாதிரி கிடக்கும். சாயங்காலம் டவுனர் அவென்யூ வழியாக மாப்பிள்ளையோடு நடந்துகொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "மாமா, நாம இப்ப ஒரு ராஜ்யத்துக்குள்ள நடந்துக்கிட்டு இருக்கோம்." சுற்றிலும் மரமும் செங்கல் வீடுகளும்தான். வேலியோ பலகையோ ஒன்றும் இல்லை. அந்த ராஜ்யத்தின் பெயர் தலோசா.

1979 டிசம்பர் 26. ராபர்ட் பென் மேடிசன் என்ற பையனுக்கு வயது 14. அம்மா இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தன்னுடைய படுக்கையறை இனி அமெரிக்காவைச் சேர்ந்தது இல்லை, தனி நாடு என்று அறிவித்தான். ஃபின்னிஷ் மொழியில் 'தலோசா' என்றால் 'வீட்டுக்குள்' என்று அர்த்தம். தாய் போன வீட்டில் ஒரு அறையை மட்டுமாவது தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கிறது அந்தப் பிள்ளைக்கு. முப்பது வருஷம் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பையன்களோடு இருந்தவன் நான், எனக்கு அது புரிந்தது.

மறு வருஷமே நாட்டுக்கென்று ஒரு மொழியை உண்டாக்க ஆரம்பித்துவிட்டான். அப்புறம் நண்பர்கள் சேர்ந்தார்கள், எல்லை படுக்கையறையைத் தாண்டி ஆற்றுக்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள பகுதி முழுவதும் என்று விரிந்தது. பிரான்சில் சேன் மாலோவுக்கு எதிரே இருக்கும் செசாம்ப்ர் என்ற குட்டித் தீவும் எங்களுடையதே என்றார்கள். எந்த நாடும் இவர்களை அங்கீகரிக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் இணையத்துக்கு வந்தபிறகு, மில்வாக்கியைக் கண்ணால் பார்க்காதவர்களும் குடிமக்கள் ஆனார்கள். குடியுரிமை கேட்கிறவர் 'எனக்குத் தலோசா என்றால் என்ன' என்று ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும். நம் ஊரில் பிறந்த பாவத்துக்கு ஓட்டு வந்துவிடுகிறது. அங்கே யோசித்து எழுதிக் கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது.

நான் உனக்குச் சொல்ல வந்தது அவர்களுடைய தேர்தலைப் பற்றி. நாடாளுமன்றத்துக்கு ஸியு என்று பெயர், அதில் இரண்டு அவை. மேலவையில் மாகாணத்துக்கு ஒருவர். கீழவையான கோசாவில் 200 இடங்கள். நாட்டில் மொத்தமே சில நூறு பேருக்குள்தான், ஓட்டுப் போட வருகிறவர்கள் இன்னும் குறைவு. அப்படியிருக்க 200 இடம் எதற்கு? மக்கள் ஓட்டுப் போடுவது கட்சிக்கு. வாங்கிய ஓட்டின் விகிதப்படி கட்சிக்கு இடம் பிரிகிறது, கட்சி அதைத் தன் ஆட்களுக்குப் பங்கு வைக்கிறது. ஒரே ஆள் பல இடங்களை வைத்திருக்கலாம். அவர் கை தூக்கினால் அத்தனை ஓட்டு விழுந்ததாகக் கணக்கு. இடம் இவ்வளவு இருப்பதால் பத்துப் பேர் ஆதரவு உள்ள சின்னக் கட்சிகூட வெறுங்கையோடு திரும்பாது. நம் முறையில் ஒரு ஓட்டு குறைந்தாலும் தோற்றவன் தோற்றவன்தான். அங்கே உன் 7 ஓட்டு வித்தியாசத்துக்கு, ஜெயித்தவர் பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதே அளவு இடத்தோடு நீயும் உட்கார்ந்திருப்பாய்.

மசோதாக்களை மாதா மாதம் ஒரு கட்டாகச் சேர்த்து ஓட்டுக்கு விடுகிறார்கள். அந்தக் கட்டுக்கு 'கிளார்க்' என்று பெயர். மசோதாவுக்கு ஆதரவு என்றால் 'பெர்', எதிர்ப்பு என்றால் 'கோன்ட்ரா'. அதோடு ஒவ்வொரு தடவையும் அரசின் மேல் நம்பிக்கை இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். பிரதமர் மாதம் தவறாமல் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கவேண்டும். வரி இல்லை, போலீஸ் இல்லை, பட்ஜெட் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் முறையில் மட்டும் பிடி தளரவில்லை. முறையைத் தவிர அவர்களிடம் வேறு நிலம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இனிமேல் வருவதுதான் உனக்காக எழுதுவது. அரசர் பட்டத்தில் மேடிசனே இருந்தார். பிறகு வந்தவர்களுக்கும் அவருக்கும் மனஸ்தாபம் முற்றியது. 2004 ஜூன் 1 அன்று ஒரு கூட்டம் பிரிந்து போய் தலோசாக் குடியரசு என்று தனியாக அறிவித்துவிட்டது. மறு வருஷம் மேடிசனே நாட்டை விட்டு விலகிவிட்டார். ராஜ்யத்தில் மீந்தவர்கள் 2007-இல் ஜான் வூல்லி என்பவரை அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே பெயரில் இரண்டு நாடு, எட்டு வருஷம். இத்தனைக்கும் இரண்டு பக்கமும் சேர்த்தால் ஒரு கல்யாண மண்டபத்தில் பாதிதான் நிறையும்.

2012-இல் ஒன்றாகிவிட்டார்கள். திரும்பி வந்தவர்கள் அரசர் வேண்டாம் என்ற கொள்கையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. கட்சி கட்டினார்கள், தேர்தலில் நின்றார்கள், அரசர் இருக்கும் நாட்டின் கோசாவுக்குள்ளேயே உட்கார்ந்து அரசர் வேண்டாம் என்று பேசினார்கள். வெளியே தனிக்கொடி ஏற்றியிருந்தபோது அவர்கள் பேச்சுக்குப் பதில் சொல்ல எதிரில் ஆள் இல்லை. உள்ளே வந்தபிறகு அது ஓட்டுக்கு வந்தது.

இதைப் படித்தபோது 1989 தேர்தல் ஞாபகம் வந்தது. நாங்குநேரிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு பூத் டியூட்டி. ஓட்டுப்பதிவு முடிந்து பெட்டியைக் கட்டி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கிச் சொட்டவிட்டேன். ஒரு சொட்டு என் ஆள்காட்டி விரலில் விழுந்து கொப்புளித்தது. ஏஜென்டுகளில் ஒரு பெரியவர், அவர் ஆள் அந்த ஊரில் தேறமாட்டார் என்று மத்தியானமே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் பெஞ்சில் அசையாமல் இருந்தார். அரக்கு ஆறும்வரை பார்த்திருந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எண்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். "சார், பெட்டி பத்திரம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அந்தப் பெட்டிக்குள் அவருக்குச் சாதகமாக ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் அதைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்.

உங்கள் சங்கத்தில் உனக்கு ஓட்டுப் போட்டவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? ஜெயித்தவரைவிட 7 பேர்தான் குறைவு. நீ எழுதிக் கொடுத்த தாளில் அவர்கள் யாருடைய கையெழுத்தும் இல்லை. அடுத்த கூட்டத்தில் தண்ணிக் கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்க அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? புதிய தலைவர் நல்லவராகவே இருக்கட்டும், கேள்வி கேட்க ஆள் இருந்தால்தான் அவரும் நன்றாகச் செய்வார். அந்தத் தாளைத் திரும்ப வாங்கிவிடு சங்கரா. செயலாளர் இன்னும் கூட்டத்தில் வைக்கவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய், அதற்கு முன்னால் போய்க் கேள்.

சரி, வீட்டுச் செய்தி. கோமதிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இரண்டு வாரம் அடுப்புப் பக்கம் போகவேண்டாம் என்றார்கள். சமையல் என் கையில்தான், ரசம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பின்பக்கத்து முருங்கை காற்றில் முறிந்துவிட்டது, அடிக்கட்டையில் துளிர் விட்டிருக்கிறது.

இருபத்தி நாலாம் தேதி நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன், மறுநாள் காலை தாம்பரத்தில் இறங்குவேன். அன்று சாயங்காலம்தான் உங்கள் சங்கக் கூட்டம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். வெளியாளை உள்ளே விடமாட்டார்கள், அது எனக்குத் தெரியும். நீ உள்ளே போ, நான் கீழே பார்க்கிங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பதினோரு வருஷ நோட்டையும் எடுத்து வை, பார்க்கவேண்டும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
முத்தையா