அம்மியைத் தூக்கிப் போட்டுவிடாதே

லக்ஸர்
28 நவம்பர் 2025

அன்புள்ள கயலு,

நாங்கள் நலம். அங்கே எல்லோரும் சௌக்கியமா? அப்பாயிக்கு இருமல் நின்றதா? எட்டு மாதத்தில் உனக்கு நான் அனுப்பியது நாலைந்து படமும் ஒரு பிறந்தநாள் வாழ்த்தும்தான். நீ கோபமாக இருக்கிறாய் என்று இவரிடம் சொன்னாயாம். கோபத்துக்கு உனக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் இதைப் படித்து முடிக்கிற வரைக்கும் அதைத் தள்ளி வை, உன்னிடம் ஒன்று கேட்டாக வேண்டும்.

போன வாரம் நீ அனுப்பிய குரல்பதிவை அஸ்வானில் படகுத்துறையில் நின்றுதான் கேட்டேன். “தை பொறந்ததும் பழைய வீட்ட இடிச்சிட்டு வானம் தோண்டறோம்டி. பித்தளை சாமானெல்லாம் கடைக்குப் போட்டாச்சு. அம்மி, ஆட்டுக்கல்லு யாருக்கு வேணும், மண்ணு அள்ளுற வண்டியிலயே ஏத்தி விட்ரலாம்னு இருக்கோம்.” நீ சந்தோஷமாகத்தான் சொன்னாய். புது வீடு வருகிறதென்று எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குப் படகில் ஏறத் தோன்றவில்லை. இரண்டு படகை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறினேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஊர்ச் சேதியை முதலில் முடித்துவிடுகிறேன். ஜோர்டானில் அகாபாவிலிருந்து கப்பலில் எகிப்தின் நுவேபா வந்து இறங்கினோம். தஹாபில் ஒரு வாரம் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தோம். கெய்ரோவில் ஆறு நாள். பிரமிடு பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, நீ படத்தில் பார்த்தது போலவே இருக்கிறது, பக்கத்தில் போனால் ஒவ்வொரு கல்லும் நம் நெஞ்சு உயரம். இந்த மாதம்தான் திறந்த புது அருங்காட்சியகத்தில் நுழைந்ததுமே 83 டன் சிலையாக ராம்சேஸ் மன்னன் நிற்கிறான். துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சாமான் மொத்தத்தையும் முதல் தடவையாக ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். தங்க முகமூடியை எல்லோரும் மொய்க்கிறார்கள். நான் அவனுடைய செருப்புகளைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. சோறு, மசூர்ப் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை எல்லாம் ஒரே கிண்ணத்தில் போட்டு மேலே தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும் தூவித் தருவார்கள், பெயர் கொஷாரி. உன் மாமியார் பார்த்தால் மயக்கம் போடுவார். எனக்குப் பிடித்துவிட்டது. ரொட்டிக்கு இவர்கள் சொல்லும் பேர் ‘ஐஷ்’. உயிர் வாழ்வது என்ற பொருளிலிருந்து வந்த சொல்லாம். தமிழ் டீச்சரான உனக்கு உடனே சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அன்றைக்கே எழுதியிருக்கலாம். இந்தியா என்று சொன்னால் போதும், டாக்சிக்காரர் முதல் டீக்கடைப் பையன் வரை “அமிதாப் பச்சன்!” என்று நெஞ்சில் கை வைக்கிறார்கள்.

கெய்ரோவிலிருந்து ராத்திரி ரயில். அஸ்வானில் இறங்கும்போதே இவருக்கு வயிறு சரியில்லை. எதிர்க்கரையில், நைல் கரைப் பூர்வகுடிகளான நுபியர்களின் ஊர் ஒன்றில், ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்திருந்தோம். அன்று ராத்திரி வாந்தியும் பேதியும் காய்ச்சலுமாக, மனுஷன் சுருண்டுவிட்டார். எட்டு மாதத்தில் எத்தனையோ மலை, எத்தனையோ எல்லை தாண்டியிருக்கிறோம், ஒரு நாளும் எனக்குப் பயம் வந்ததில்லை. அன்று வந்தது. பாஷை தெரியாத ஊர், நடுராத்திரி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. கீழே போய்க் கதவைத் தட்டினேன்.

வீட்டுக்கார அம்மா எழுந்து வந்தார். அறுபத்தெட்டு வயது. ஹஜ் போய் வந்தவர் என்பதால் எல்லோரும் ‘ஹாக்கா’ என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். இவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், அடுப்பைப் பற்ற வைத்தார், கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் கொண்டு வந்தார். என்ன தெரியுமா? சீரகத் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்தது. அந்த வாசனை வந்ததும் நான் அழுதுவிட்டேன் கயலு. உங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பாயி நமக்குக் காய்ச்சிக் கொடுத்த அதே வாசனை. மூன்று நாள் அந்தத் தண்ணீரும் தயிர்சோறும்தான். நாலாவது நாள் எழுந்து உட்கார்ந்து, “மேச்சேரி சந்தைக்கு எப்போ போறோம்?” என்று கேட்டார். இப்போது நன்றாக இருக்கிறார், அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

அந்த மூன்று நாளும் நான் ஹாக்காவோடு அடுக்களையில் இருந்தேன். பேத்தி கல்லூரியில் சுற்றுலாப் படிப்பு படிக்கிறாள், அவள்தான் நடுவில் இருந்து எங்கள் பேச்சை மாற்றி மாற்றிச் சொன்னாள். வாசல் நிலைக்கு மேலே ஒரு பீங்கான் தட்டு மாட்டியிருந்தது. நீலப் பூப்போட்டது, ஓரம் சில்லுப் போனது. அழகாக இருக்கிறதே என்றேன். ஹாக்கா அதைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுக்கக் காய்ந்த மண் ஒட்டியிருந்தது. அதைக் கழுவவே கூடாதாம்.

அது பல்லானா மண். அஸ்வானுக்குத் தெற்கே, சூடான் எல்லை ஓரம் நைல் கரையில் இருந்த ஊர். நுபியர்கள் வீட்டு முகப்பில் மண்சுவர் ஈரமாக இருக்கும்போதே தட்டுகளைப் பதித்துவிடுவார்களாம், கல்யாணச் சீராக வந்த தட்டுகள். அஸ்வானில் நைலுக்குக் குறுக்கே பெரிய அணை வேலை 1960இல் ஆரம்பித்தது. 1963 அக்டோபரிலிருந்து அடுத்த வருடம் ஜூனுக்குள் சுமார் ஐம்பதாயிரம் பேரை ஊர் ஊராகக் காலி செய்தார்கள். இவர்கள் அதைத் ‘தஹ்ஜீர்’ என்கிறார்கள், குடிபெயர்த்தல். அப்போது ஹாக்காவுக்கு ஆறு வயது. கிளம்புகிற அன்று எல்லோரும் இடுகாட்டுக்குப் போய்க் கல்லறைகளுக்குத் தண்ணீர் தெளித்தார்களாம். அவருடைய அம்மா கத்தியால் சுவரைச் சுரண்டி ஒரே ஒரு தட்டைப் பெயர்த்தாராம். மற்றவை உடைந்துவிட்டன. தட்டு இருந்த இடத்தில் வட்டமாக ஒரு குழி. “எங்கள் வீட்டைப் பற்றி எனக்குக் கடைசியாக ஞாபகம் இருப்பது அந்தக் குழிதான்” என்றார்.

கொண்டுபோய் விட்ட இடம் கொம் ஓம்போ பக்கம். கவர்மென்ட் கட்டிய வரிசை வீடுகள், பழைய ஊர்களின் பெயரையே புது ஊர்களுக்கும் வைத்தார்கள். பல்லானா என்ற பெயர் இருந்தது, ஆறு இல்லை. தூங்கி எழுந்தால் நைலைப் பார்த்துப் பழகிய சனத்தைக் கரும்புக்காட்டு ஓரத்தில் வைத்தால் எப்படி இருக்கும்? முதல் வருடத்தில் குழந்தைகளும் கிழவர்களும் நிறையப் பேர் செத்தார்கள், அதில் ஹாக்காவின் தம்பியும் ஒருவன். கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்த பிறகுதான் மறுபடியும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு தூங்கினாராம். அவருடைய மாமனார் வீட்டாரும் தண்ணீரால் மேலேறி வந்தவர்கள்தான். அங்கே 1902இல் கட்டிய பழைய அணை ஒன்று இருக்கிறது, அதை இரண்டு தடவை உயர்த்தினார்கள். இரண்டாவது தடவை எப்போது தெரியுமா? 1933. நம் மேட்டூர் அணையைத் திறந்ததற்கு முந்தின வருடம்.

அதைக் கேட்ட பிறகு அபு சிம்பெல் கோயிலுக்குப் போனோம். விடிகாலை நாலு மணிக்கு வேன், பாலைவனத்தில் முந்நூறு கிலோமீட்டர் போல. ராம்சேஸ் உருவம் நாலு, ஒவ்வொன்றும் இருபது மீட்டர். அந்தக் கோயில் இப்போது நிற்பது அது பிறந்த இடத்தில் இல்லை. பெரிய அணையின் ஏரியில் முழுகிவிடும் என்று 1964இலிருந்து 1968 வரை மலையையே ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, 65 மீட்டர் மேலே, 200 மீட்டர் பின்னால் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் இருபது, முப்பது டன். யுனெஸ்கோ கேட்டு உலகமே பணம் கொடுத்தது. நம் நாட்டிலிருந்தும் தொல்லியல் அறிஞர் பி.பி.லால் தலைமையில் ஒரு குழு வந்து, முழுகப்போகிற நுபியாவில் அகழாய்வு செய்திருக்கிறது.

என்னை நிலைகுலைய வைத்தது ஒரு சின்ன விஷயம். நாலு சிலையில் ஒன்றின் தலையும் மார்பும் பழங்காலத்திலேயே நிலநடுக்கத்தில் உடைந்து காலடியில் விழுந்துவிட்டன. கோயிலை மாற்றியபோது அந்த உடைந்த துண்டுகளை, கீழே எப்படிச் சாய்ந்து கிடந்தனவோ அதே மாதிரி மேலேயும் கிடத்தியிருக்கிறார்கள். விழுந்து கிடந்த கல்லுக்குக்கூட அது கிடந்த இடம் எது என்று அளந்து, குறித்து வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். கருவறைக்குள் பிப்ரவரியிலும் அக்டோபரிலும் வருடத்துக்கு இரண்டு நாள் சூரியன் எட்டிப் பார்க்கிற மாதிரி மறுபடியும் நிறுத்தினார்களே, அந்த மனிதர்களைக் கும்பிடத்தான் தோன்றியது. ஆனால் அங்கே நின்றபோது என் கண்ணில் ஹாக்காவின் அம்மா கத்தியும் கையுமாகச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்தத் தட்டுக்கு அளவெடுக்க ஒருவரும் வரவில்லை. ஏரியைத் திரும்பிப் பார்த்தேன், கரை தெரியாமல் நீலமாகக் கிடந்தது. இவர் மெதுவாகச் சொன்னார், “பண்ணவாடி மாதிரியே இருக்குல்ல.”

கயலு, உன் கல்யாணத்துக்கு முந்தின கோடையில் மேட்டூர் அணைத் தண்ணீர் வற்றியபோது நாம் இரண்டு பேரும் பண்ணவாடிக்கு சைக்கிள் மிதித்துப் போனோமே, நினைவிருக்கிறதா? அணையில் முழுகின ஊரின் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் வெளியே வந்து நின்றன. பரிசலில் நீ கண்ணைத் திறக்கவே இல்லை, பச்சைக் குடையை வேறு விரித்துக்கொண்டாய்! திரும்பி வந்து அப்பாயியிடம் நந்தியைப் பார்த்தோம் என்று சொன்னபோது அது என்ன கேட்டது? “கோயிலுக்குப் பொறத்தாலதான் எங்கூடு. புளியமரத்து வேர் கெடந்துச்சா?” நாம் சிரித்துவிட்டு மீன் குழம்பைச் சாப்பிடப் போய்விட்டோம். வேர் கிடந்ததா என்று நாம் பார்க்கவும் இல்லை. பார்த்ததாகச் சொல்லியிருந்தால்கூட அது சந்தோஷப்பட்டிருக்கும்.

அந்த அம்மி அங்கிருந்து வந்ததுதானே? வண்டியில் அம்மியும் குழவியும் நெல்லுக் கூடையும், அதன் மேலே அஞ்சு வயசுப் பெண்ணாகத் தான் உட்கார்ந்து வந்ததாக அப்பாயி சொல்லும். “அம்மி மேல உக்காராதீங்கடி, அது எங்காத்தா தூக்கியாந்தது” என்று நம்மை எத்தனை தடவை விரட்டியிருக்கிறது! உங்கள் வீட்டில் அந்த ஊரிலிருந்து வேறு என்ன மிச்சம் இருக்கிறது? பித்தளையெல்லாம் போய்விட்டது என்கிறாய். பட்டா, படம் ஒன்றும் கிடையாது. அந்தக் கல்லும் அப்பாயியின் வாயும்தான் பாக்கி. அப்பாயிக்குத் தொண்ணூற்றாறு ஆகிறது.

அதனால்தான் கேட்கிறேன். அம்மியை வண்டியில் ஏற்றாதே. புது வீட்டில் இடமில்லை என்றால் எங்கள் வீட்டுக் கொல்லையில் போடச் சொல், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். அதைவிட முக்கியம், இன்றைக்கே, இருமல் இல்லாத நேரமாகப் பார்த்து, உன் செல்போனை அப்பாயி பக்கத்தில் வைத்துப் பேச விடு. பேட்டி மாதிரி எடுக்காதே, அது வாயை மூடிக்கொள்ளும். வெற்றிலை இடித்துக் கொடுத்துக்கொண்டே கேள். வீட்டுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள், கிணறு எந்தப் பக்கம், ஊரைவிட்டு வந்த அன்று என்ன சமைத்தார்கள், வண்டி யாருடையது, மாட்டுக்கு என்ன பேர், நிலையையும் கதவையும் கழற்றிக்கொண்டு வந்தார்களா. ஹாக்காவின் பேத்தி இப்படித்தான் பதிவு செய்கிறாள், நாற்பது மணி நேரம் சேர்ந்திருக்கிறது. எங்களுக்கு ஊரைத் திருப்பித் தருகிறோம் என்று 2014 அரசியல் சாசனத்தில் எழுதினார்கள், 236ஆவது பிரிவு, பத்து வருடக் கெடு, கெடு முடிந்து போயிற்று என்றாள். “ஊர் வருமோ வராதோ, பாட்டி சொன்னது என்னிடம் இருக்கும்” என்றாள். இருபது வயதுப் பெண்! எனக்கு நாற்பத்தைந்து ஆகிறது. எத்தனை ஊர் போய் யார் யார் கதையையோ வாய் பிளந்து கேட்டேன், உங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்ததைக் கேட்கவில்லை. அது என்னைத் தூங்கவிடவில்லை.

நேற்று ரயிலில் லக்ஸர் வந்தோம். வழியில் கொம் ஓம்போ தாண்டும்போது ஜன்னலிலேயே இருந்தேன். கரும்பு, கரும்பு, தூரத்தில் வரிசை வீடுகள். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

நாளை மறுநாள் செங்கடல் பக்கம் குசேர் போகிறோம். இது உனக்காக. ஒன்பதாம் வகுப்புக்கு நீ மூச்சுப்பிடித்து நடத்துவாயே, ‘பானை ஒறி’ என்று தமிழ் பிராமியில் எழுதிய ஓடு, ஐராவதம் மகாதேவன் வாசித்தது, அது கிடைத்த பழைய துறைமுகம் ஊருக்கு வடக்கே எட்டு கிலோமீட்டரில் இருக்கிறது. இப்போது அங்கே வெறும் மேடும் மணலும்தான் என்கிறார்கள். இருக்கட்டும். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கே யாரோ தன் உறிப்பானைக்குத் தமிழில் பேர் எழுதியிருக்கிறார், அந்த மண்ணில் நின்று உனக்கு ஒரு போன் போடுவேன். எடு.

டிசம்பர் 9 காலை சென்னை. 11ஆம் தேதி மேச்சேரியில் இருப்போம். வேலை, வீடு, இனிமேல் என்ன என்றெல்லாம் நீ கேட்பாய், நேரில் பேசலாம். நேராக உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன், பையைக்கூட இறக்காமல்.

தட்டின் பின்பக்கத்தை ஹாக்கா படம் எடுக்கவிட்டார். இதோடு அனுப்பியிருக்கிறேன். அப்பாயிக்குப் பெரிதாக்கிக் காட்டு, முழுகின ஊர் மண் என்று சொல். என்ன சொல்லுகிறது என்று எனக்கு ஒரு வரி எழுது.

உன்,
வசந்தி