உன் பிரஷரையும் ஒருக்கால் பார்

யாழ்ப்பாணம்

அன்புள்ள சிவா மச்சான்,

முதலில், தவம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான், பயப்படாதே. இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய சீலை அம்மாவுக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது.

போன கிழமை கந்தோரில் கணக்கு முடிக்கிற நேரம் தவத்துக்குத் தலையிடி தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் 170/110. சிகரெட் இல்லை, சாராயம் இல்லை, விடியவே பண்ணைப் பாலத்தில் சைக்கிள் ஓடுகிறவன்! டாக்டர் இரண்டே கேள்விதான் கேட்டாராம்: ஐயாவுக்கு என்ன வருத்தம் இருந்தது, வேலை எப்படி. ஐயா பாரிசவாதத்தில் கிடந்தது உனக்குத் தெரியும்தானே.

அன்றிலிருந்து இதைப் பற்றியேதான் வாசிக்கிறேன். பிரஷர் பெரும்பாலும் ஒரு மரபணுவால் மட்டும் வருவதில்லை. நூற்றுக்கணக்கான சின்ன மாற்றங்கள் சேர்ந்து கூட்டுகின்றன. ஆனால் பரம்பரையும் வேலையும் தனித்தனியாக நிற்பதில்லை மச்சான், அதுதான் என்னை உலுக்கியது. 1983இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இளம் ஆண்களுக்கு மூளையைக் கசக்கும் போட்டி வேலைகளைக் கொடுத்தார்கள். தாய் தகப்பனுக்குப் பிரஷர் இருந்தவர்களுக்கும், தங்களுக்கே பிரஷர் கூடுகிற எல்லையில் நின்றவர்களுக்கும் அந்த நெருக்கடியில் சிறுநீரில் உப்புப் போவது குறைந்துவிட்டது. மற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஒரே கந்தோர், ஒரே ஏச்சு, ஆனால் ஒருவனின் சிறுநீரகம் மட்டும் உப்பைப் பிடித்து வைக்கிறது! அதற்கு மேலே நாங்கள் கருவாடும் மோர்மிளகாயும் போடுகிறோம்.

வேலை நெருக்கடியை ஆராய்ந்த ராபர்ட் காரசெக் 1979இலேயே எழுதியிருக்கிறார்: வேலை நிறைய, முடிவெடுக்கும் உரிமை குறைய, அந்த இடம்தான் ஆளை நெருக்கும். தவத்தின் கதிரை அதேதான். மேலே இருந்து இலக்கு வரும், முன்னால் சனம் ஏசும், அவனாக ஒன்றுக்கும் கையெழுத்து வைக்க ஏலாது. எனக்குக் கோபமாக வருகிறது. அவனுக்குக் குளிசை கொடுத்தார்கள், அந்தக் கதிரை அப்படியே இருக்கிறது.

இப்போது உன் கதை. உன் அம்மாவும் பிரஷருக்குக் குளிசை போட்டவர். நீயோ இரவு பத்து மணிக்கும் போனில் "ஓம் சேர்" சொல்கிறாய். கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ கொடுத்தாலே கழுத்து நரம்பு புடைக்கிற ஆள் நீ! டாக்டரிடம் பார்க்கும்போது சரியாக இருந்து, வேலை நேரத்தில் மட்டும் பிரஷர் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒரு மெஷின் வாங்கி, வேலை நாளிலேயே பார். ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டுக் கையில் கட்டு. 135/85க்கு மேலேயே நின்றால் அந்தக் கிழமையே டாக்டரிடம் போ.

பார்த்ததை எனக்கு எழுது. தவத்துக்கும் ஒரு கோல் எடு. வேலையை விடச் சொல்லிவிடாதே, அதைச் சொல்லித்தான் வீட்டில் சண்டை நடக்கிறது.

அன்புடன்,
ரவி