பூனை வருமுன் டாக்டரைப் பார்த்து வையுங்கள்

காரைக்குடி

அன்புள்ள ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் பூனைமேல் பிரியமுள்ள பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடம் லீவு விட்டால் கடைக்கு வருகிற முதல் கேள்வி, “பெர்ஷியன் குட்டி கிடைக்குமா?” என்பதுதான். நாங்கள் குட்டி விற்பதில்லை. தீனி, பூனை மலஜலம் கழிக்கிற மண், கூடை, சீப்பு, இவ்வளவுதான் நம் சரக்கு. 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி பிராணி விற்கிற கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த வியாபாரத்துக்கு நாங்கள் போகவில்லை. ஆனால் குட்டி எடுக்கப் போகிற ஒவ்வொருவரிடமும் கல்லாவில் நின்றுகொண்டு அரைகுறையாகச் சொல்வதை ஒரு தடவையாவது முழுசாக எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் வேலை குட்டி தேடுவது அல்ல, டாக்டர் தேடுவது. நம் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களை நாம் மாட்டாஸ்பத்திரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே பூனையும் பார்ப்பார்கள். ஆனால் வேலையில் பெரும்பகுதி மாடும் ஆடும்தான், அதனால் பூனைக்கான முத்தடுப்பு ஊசி (பூனைக்கழிச்சலுக்கும் இரண்டு வகைச் சளி நோய்க்கும் சேர்த்துப் போடுவது) எப்போதும் இருப்பில் இருக்காது. ரேபிஸ் ஊசி இருக்கும், ஏனென்றால் நாய்க்குப் போடுகிற அதே மருந்துதான் பூனைக்கும். முத்தடுப்பு அப்படியில்லை. நாயின் கூட்டு ஊசி பூனைக்கு ஆகாது. பூனைக்குரியதைத் தனியாக வரவழைக்க வேண்டும், 2 முதல் 8 டிகிரிக் குளிரிலேயே அது வந்து சேரவும் வேண்டும். ஆகவே குட்டி வருவதற்குப் பத்து நாள் முன்பே டாக்டரை நேரில் பார்த்துக் கேளுங்கள்: முத்தடுப்பு ஊசி வரவழைத்துத் தருவீர்களா, பெட்டைப் பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்வீர்களா, ராத்திரி அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, மாடும் நாயும் வரிசையில் நிற்காத நேரம் எது? தனியார் கிளினிக் என்றாலும் இதே கேள்விகள்தான். ஸ்கேன், பெரிய ஆபரேஷன் என்று வந்தால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மதுரையிலும் திருச்சியிலும் கிளினிக்குகள் இருக்கின்றன. போகிற வழியையும் நேரத்தையும் முன்பே கணக்குப் போட்டு வையுங்கள். பூனை மூச்சுக்குத் திணறும்போது கணக்குப் போட முடியாது.

இனி குட்டி. தெருவில் தவிக்கிற பூனைகளை மீட்டுத் தத்துக் கொடுக்கிற மீட்புக்காரர்களிடம் எடுப்பதே நல்லது என்பது எங்கள் எண்ணம். நாட்டுப் பூனைக்கு நம் வெயில் பழக்கம், முடியும் குறைவு, மூக்கும் ஒழுங்காக இருக்கும். மீட்டவர்கள் நிறையக் கேள்வி கேட்பார்கள். வீடு சொந்தமா, மாடி ஜன்னலில் வலை இருக்கிறதா, ஆபரேஷன் செய்வீர்களா என்று கேட்டு, கையெழுத்தும் வாங்குவார்கள். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொடுத்த குட்டி மூன்றாம் மாதம் மறுபடி தெருவுக்கே வந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். தத்துத் தொகை என்று கேட்டால் அதில் எந்த ஊசி, எத்தனை தடவை பூச்சி மருந்து, ஆபரேஷன் உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே வீட்டில் பூனை இருந்தால் பூனைக்குப் பூனை தொற்றுகிற எஃப்ஐவி, லுகீமியா வைரஸ்களுக்குச் சோதனை செய்தார்களா என்பதையும் கேளுங்கள்.

வளர்ப்பவரிடம்தான் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், தாய்ப் பூனையை அது இருக்கிற இடத்திலேயே பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். எட்டு வாரத்துக்குள் குட்டியைப் பிரிக்கக் கூடாது, பன்னிரண்டு வாரம் வரை தாயோடு இருந்தால் கடிக்காமல் விளையாடவும் மண்ணில் போகவும் அதுவே கற்றுக்கொள்ளும். “ட்ரிபிள் கோட்” என்று ஒரு ஜாதி கிடையாது, அது விலையேற்றும் வார்த்தை. “பஞ்ச் ஃபேஸ்” என்பது மூக்கு உள்ளே அமுங்கிய முகம். மூச்சுப் பாதை குறுகி, கண்ணீர்க் குழாய் வளைந்து, எந்நேரமும் கண் வழியும். நம் சித்திரை வெயிலில் அந்தப் பூனை வாயைத் திறந்து இளைக்கும். பெர்ஷியன்தான் வேண்டும் என்றால் மூக்கு வெளியே தெரிகிற “டால் ஃபேஸ்” எடுங்கள். பெர்ஷியன் வம்சத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வருகிற பரம்பரை நோய் உண்டு. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு இறங்க வாய்ப்பு, ஆகவே தாய்க்கும் தகப்பனுக்கும் டிஎன்ஏ சோதனைத் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். காது மடங்கிய ஸ்காட்டிஷ் ஃபோல்டை எடுக்கவே வேண்டாம். காதை மடக்குகிற அதே மரபணு கால் மூட்டுக் குருத்தெலும்பையும் கெடுக்கிறது. காது மடங்கிய பூனை எல்லாவற்றுக்கும் மூட்டில் அந்தக் கோளாறு உண்டு.

எங்கே எடுத்தாலும் பணம் கொடுக்கும் முன் குட்டியை மடியில் வைத்துப் பத்து நிமிஷம் பாருங்கள். உதட்டைத் தூக்கினால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் தெள்ளுப்பூச்சியோ குடல்புழுவோ ரத்தம் குடிக்கிறது. பிடரித் தோலை இழுத்து விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம்போல நின்றால் உடம்பில் நீரில்லை. காதுக்குள் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக இருந்தால் காதுப் பேன். வால் அடியில் முடியை விலக்கினால் கறுப்புத் துகள் விழுகிறதா? ஈரப் பஞ்சில் தேயுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், வெறும் அழுக்கு என்றால் சிவக்காது. வயசைப் பல் சொல்லிவிடும். கடைவாய்ப் பால்பல் நாலாவது வாரத்துக்குமேல்தான் எட்டிப் பார்க்கும், ஆறு வாரத்தில் பால்பல் முழுக்க இருக்கும். எடை, சுமாராக ஒரு மாதத்துக்கு அரைக்கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதக் குட்டி என்று சொல்லி 700 கிராம் இருந்தால், வயசு பொய் அல்லது வயிற்றில் புழு.

ஊசி அட்டையையும் உற்றுப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டு, பேட்ச் எண், டாக்டரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். பேனாவில் தேதி மட்டும் எழுதிய அட்டையை நம்பி ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். போடாத குட்டியாகவே எண்ணி முதலிலிருந்து தொடங்குங்கள்.

கூட்டி வரும்போது துணிப்பையோ கட்டைப்பையோ ஆகாது. மூடி பூட்டுகிற கூடை வேண்டும். அடியில் பழைய துண்டு விரித்து, மேலே ஒரு துணி போர்த்தினால் இருட்டில் சத்தம் போடாது.

நம் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முகப்பு, வளவு (நடுமுற்றம்), இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று நீளும் வீட்டில் குட்டியை அவிழ்த்து விட்டால் ஒரு வாரம் கண்ணில் படாது. வளவு வாசல் மேலே திறந்திருப்பதால் தூணில் ஏறி ஓட்டுக்குப் போய்விடும். ஆகவே முதல் இரண்டு வாரம் ஒரே அறை. ஒரு மூலையில் மண் தட்டு, எதிர் மூலையில் தீனி, தண்ணீர் வேறு இடத்தில். வளவுக்கு மேலே நைலான் வலை கட்டினால் பிற்பாடு கவலை இல்லை. கல்யாணம், படைப்பு என்று பங்காளிகள் கூடுகிற நாளில் மறுபடி அதே அறைக்குள் பூட்டி விடுங்கள். ஆள் வரத்துப் போக்கில் கதவு திறந்தே கிடக்கும், அன்றைக்குத்தான் பூனை காணாமல் போகும். பெட்டகத்திலும் அலமாரியிலும் போடுகிற பாச்சை உருண்டை பூனைக்கு விஷம். பினாயிலும் அப்படியே. துடைத்த ஆத்தங்குடிக் கல் தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் உள்ளே போய்விடும். எலி மருந்து வைத்திருக்கிற வீட்டில் அதை எடுத்த பிறகே பூனை வரட்டும், மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனையும் சாகும்.

இரண்டு வாரம் தனி அறை என்பதற்கு இன்னொரு காரணம் பார்வோ என்று சொல்கிற பூனைக்கழிச்சல். கிருமி உள்ளே போய் 2 முதல் 10 நாளில் வெளிப்படும். அதனால்தான் நன்றாக விளையாடிய குட்டி, வந்த நாலாம் நாள் சுருண்டு படுத்து, வாந்தி எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டுக் குடிக்காமலே கிடக்கும். “உங்கள் வீட்டுச் சாப்பாடு சேரவில்லை” என்று விற்றவர் சொல்லக்கூடும். வந்து இரண்டு மூன்று நாளிலேயே படுத்தது என்றால் கிருமி பெரும்பாலும் அங்கிருந்தே வந்தது. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், மறுநாள் என்பது பல குட்டிகளுக்குக் கிடையாது. ஒரு குட்டி அப்படிப் போன வீட்டில் கிருமி ஒரு வருஷம்கூட இருக்கும், பினாயிலுக்குச் சாகாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி ப்ளீச் கலந்து, பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவுங்கள். ஆத்தங்குடிக் கல்லில் முதலில் ஓர் ஓரத்தில் போட்டுச் சாயம் நிற்கிறதா பாருங்கள். அதன் பிறகும் ஊசி முடிந்த பூனையைத்தான் அந்த வீட்டுக்குள் விட வேண்டும்.

முத்தடுப்பு முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில். பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்றாக, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்யவிடாது. அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுவதால்தான் இத்தனை தடவை. “ஒன்று போட்டாச்சு, போதும்” என்று நிறுத்துகிற வீடுகளில்தான் பிற்பாடு நோய் நுழைகிறது. ரேபிஸ் 12 வாரத்துக்குமேல், பிறகு வருஷம் ஒன்று. பூச்சி மருந்து எடைக்குத் தக்கபடி. டாக்டரிடம் போகும்முன் குட்டியை எடை போட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

பெட்டைப் பூனை நாலு மாதத்திலேயே சூட்டுக்கு வந்துவிடலாம். சுமார் 65 நாளில் குட்டி போடும். ஒரு ஈற்றாவது ஈனட்டும் என்று காத்திருப்பதில் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. ஐந்தாம் மாதத்துக்குள் ஆபரேஷனை முடியுங்கள். பெரிய பூனைக்கு முந்தின ராத்திரிக்குப் பிறகு தீனி வேண்டாம், தண்ணீர் தரலாம். சின்னக் குட்டியை அவ்வளவு நேரம் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கும், எத்தனை மணி நேரம் என்று டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். தையலை நக்காமல் பத்து நாள் கழுத்துக் கூம்பு மாட்டுங்கள். கடுவனுக்குச் செய்தாலும் சில வாரம் குட்டி தரும் சக்தி இருக்கும், அதுவரை பெட்டையோடு விடாதீர்கள்.

எலி பிடிப்பதற்கென்றே வளர்ப்பவர்கள், பசித்தால்தான் பிடிக்கும் என்று பட்டினி போடாதீர்கள், நன்றாகத் தின்ற பூனையும் வேட்டையாடும். வெறும் பால் சோறும் தயிர் சோறும் பூனைக்கு ஆகாது. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு, அது குறைந்தால் பார்வையும் இருதயமும் கெடும். கோழியை உப்பு, மசாலா போடாமல் அவித்துக் கொடுங்கள். நம் குழம்பில் கிடக்கிற சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும், மிச்சக் குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம்.

காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அதை முறிக்கிற வேலையைப் பூனையின் ஈரலால் செய்ய முடியாது, ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கும். தெரியாமல் கொடுத்துவிட்டால் மாத்திரை அட்டையோடு உடனே ஓடுங்கள், மாற்று மருந்து உண்டு. நாய்க்கான பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தும் அப்படித்தான், தடவிய சில மணி நேரத்தில் உடம்பு நடுங்கி வெட்டும். கடுவன் பூனை மண் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கிக் கத்துகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அது மலச்சிக்கல் இல்லை, சிறுநீர்ப் பாதை அடைப்பு. விளக்கெண்ணெய் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு நாள் தாண்டினால் உயிர் போகலாம்.

பிள்ளைகளைப் பூனை கடித்தாலோ ஆழமாகப் பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். கர்ப்பிணிகள் மண் தட்டைத் தொட வேண்டாம், வேறு யாராவது தினமும் அள்ளட்டும்.

கடையில் கிராம் காட்டுகிற தராசு இருக்கிறது. குட்டியைக் கூடையோடு கொண்டுவந்து, எடை போட்டு அட்டையில் குறித்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம். டாக்டரிடம் ஒருமுறை போய் வரக் கூடை மட்டும் தேவை என்றாலும் கேளுங்கள், கழுவி வைத்தது தருகிறோம்.

இங்ஙனம்,
உங்கள் கடையார்