முதலில் விண்ணப்பம், பிறகு கண்காட்சி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அம்பத்தூரில் சிறு பட்டறை நடத்துபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். புதிய கருவியொன்றைச் செய்ததும் கண்காட்சியில் வைத்து, நாலு பேர் பாராட்டிய பிறகு காப்புரிமை கேட்கலாம் என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமோ, அரசிதழில் அறிவிக்கப்பட்ட கண்காட்சி போன்ற சில விலக்குகளைத் தவிர, விண்ணப்ப நாளுக்கு முன் பொதுவில் வெளியானதைப் புதியதாக ஏற்பதில்லை. கருவி முழுமை பெறவில்லையே என்ற தயக்கமும் தேவையற்றது. தற்காலிக விவரக்குறிப்புடன், அதாவது கண்டுபிடிப்பைப் பற்றிய முதற்கட்ட விளக்கத்துடன், சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பத் தேதியைப் பதிந்துகொண்டு, முழு விவரத்தை 12 மாதத்துக்குள் தரலாம்.

உரிமை கிடைத்தால், புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தும்வரை, விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் பிறர் அதைச் செய்வதையும் விற்பதையும் தடுக்கலாம், இந்திய எல்லைக்குள் மட்டும். ஒப்பனை மாற்றங்களுக்கு இச்சட்டம் மயங்குவதில்லை: கிளிவெக் என்னும் புற்றுநோய் மருந்தின் புதிய வடிவத்துக்குச் சென்னை அலுவலகம் 2006-இல் மறுத்த உரிமையை, 2013-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது.

ஆவணங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தர வேண்டியிருப்பதால், தொழிற்பேட்டைகளில் தமிழில் விளக்கக் கூட்டங்கள் நடத்த அரசு முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர் ஒருவர்,
அம்பத்தூர், சென்னை.